நீ அனுப்பிய நான்கு நாவல்கள்

அந்தோணி ராசா,

பொன்மலையில் நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. நீ அனுப்பிய நாலு நாவலும் வந்து சேர்ந்தன. நாலையும் படித்து முடித்தாயிற்று. "எப்படி இருந்தது, அபிப்பிராயம் எழுதுங்கள் அம்மா" என்று ஒவ்வொரு பார்சலிலும் எழுதி வைத்திருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். அபிப்பிராயம் நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ நடுவில் இருப்பதையெல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடிவிடுவாய். நாலு நாவலிலும் சின்ன வயதில் தாலியறுத்த ஒரு பெண் வருகிறாள். நாலிலும் அவளை ஒருவன் விரும்புகிறான். நாலிலும் அவனைப் பெற்றவள் குறுக்கே விழுகிறாள். அடேய், எனக்குப் புரியாதா? நீ திருவொற்றியூர் ரெஜினாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாய். அதை வாயால் கேட்கத் தைரியம் இல்லாமல் தபாலில் நாவலை அனுப்பி என் மனசை ஆழம் பார்க்கிறாய். புருஷனை இழந்தவள், கையில் ஒரு பெண் குழந்தை, அம்மா சரி என்பாளா மாட்டாளா என்று அங்கே சோறு இறங்காமல் கிடப்பாய். கிட. நீ கேட்டது அபிப்பிராயம், அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

அதற்கும் முன்னால், நீ நன்றாயிருக்க வேண்டும், ராசா. இந்த நாலு புத்தகமும் எனக்கு மட்டும் வந்ததாக நினைக்காதே. ஹார்பர் கிடங்குகளிலிருந்து வண்டி வண்டியாக வருகிற கிழிந்த கோணிகளைத் தைத்துக் கொடுக்கிற எங்கள் கொட்டகை உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்தக் கோணிக் குவியலில்தான் நீ தூங்குவாய். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நான் புத்தகத்தை எடுப்பேன். எல்லாரும் தைத்துக்கொண்டே கேட்பார்கள். என் பங்குக் கோணிகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். நான் ஊசியைத் தொடக் கூடாது, வாசிக்க மட்டும்தான் வேண்டும். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஒருநாள் பவுனம்மா என் முன்னால் கிடந்த கட்டைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ படி யக்கா, இத நா பாத்துக்கறேன்" என்றாள், அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. மேஸ்திரி வாசலில் நின்று கோணிக் கட்டு எண்ணுவது போலப் பாவலா செய்துகொண்டு கதை கேட்பார். சோகமான இடம் வந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணுவார். பொழுதெல்லாம் சணல் தூசியில் இருமிக்கொண்டிருக்கிற இவர்கள் தங்கள் கை நோக என் வேலையைச் செய்து என்னைப் படிக்க வைக்கிறார்களே, நான் எந்த ஜென்மத்தில் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை.

நீயும் நானும் நாவல் படிக்க ஆரம்பித்ததே ஜப்பான்காரன் புண்ணியத்தில்தான், ஞாபகம் இருக்கிறதா? குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ராயபுரம் ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. நமக்குப் போக ஊர் ஏது? எதிர்வீட்டு டீச்சரம்மா திருநெல்வேலிக்குக் கிளம்பும்போது, வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கச் சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கொட்டகையை மூடிவிட்டார்கள், உனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. அந்த வீட்டு அலமாரி நிறையப் புத்தகங்கள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, அழகாகத் தைத்து அட்டை போட்டு வைத்திருந்தார். தெருவில் நாய்கூட இல்லை. நாம் இரண்டு பேரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்போம். பொம்பளை பேசுகிறதை நீ படிப்பாய், ஆம்பளை பேசுகிறதை நான் படிப்பேன், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஊரே பயந்து நடுங்கிய அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? டீச்சரம்மா திரும்பி வந்ததும் நான் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். "பக்கமெல்லாம் கருவாட்டு வாசனை வருதே" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. அவரோ சிரித்துவிட்டு, "அடுத்த கட்டு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு, எடுத்துட்டுப் போ" என்றார். அவர் எங்கிருந்தாலும் கர்த்தர் அவரைக் காப்பாற்றட்டும்.

இனி உன் நாவல்களுக்கு வருகிறேன். நீல அட்டை போட்டது முதலில் வந்தது. ஆற்றங்கரை, கோயில் மணி, கதர் கட்டிக்கொண்டு ஜெயிலிலிருந்து வருகிற கதாநாயகன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தமிழ் தேன் மாதிரி ஓடுகிறது. ஆனால் அந்தப் பெண் எந்நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்து நிலாவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளே, அவளுக்கு வேறு வேலையே கிடையாதா? உன் அப்பா காய்ச்சலில் போனபோது எனக்கும் அவள் வயசுதான். ஜன்னலோரம் உட்கார எனக்கு நேரம் இருந்ததாக ஞாபகம் இல்லை. நம் வீட்டுக்கு ஜன்னலே கிடையாது, அது வேறு விஷயம். கடைசியில் அவள் ஆற்றில் இறங்கிவிடுகிறாள். சிவப்பு அட்டைப் புத்தகத்துப் பெண் சாகவில்லை, ஆனால் காதலித்தவனைத் தன் தங்கைக்கே கட்டிவைத்துவிட்டு அனாதைப் பெண்களுக்கு ஆசிரமம் நடத்தப் போகிறாள். அதை வாசித்ததும் பவுனம்மா, "தங்கச்சி கல்யாணத்துல இவ பந்தி வேற பரிமாறுனாளா?" என்று கேட்டாள். ஆமாம், பரிமாறுகிறாள், அதற்கு ஆசிரியர் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறார்.

பச்சை அட்டைப் புத்தகம்தான் எங்களை ஒரு வழி பண்ணியது. சுகந்தா என்று ஒரு பெண், வக்கீல் வீட்டு மகள், வீணை வாசிப்பாள். டாக்டர் ஒருவன் அவளை விரும்புகிறான். பாதிக் கதையில் அவளுக்கு விஷக் காய்ச்சல் வந்துவிட்டது. அன்று சனிக்கிழமை. அந்த இடத்தில் சங்கு ஊதிவிட்டதால் புத்தகத்தை மூடிவிட்டேன். "பொழச்சிக்குவாளா யக்கா?" என்று ஆளாளுக்குப் பிடுங்கி எடுத்தார்கள். அதெல்லாம் அச்சடித்து முடிந்துபோன கதை, இனிமேல் நாம் என்ன செய்ய முடியும் என்றேன். பவுனம்மா விடவில்லை. "அச்சடிச்சா இன்னா? நீ இன்னும் படிக்கலயே. நீ படிக்கிற வரிக்கும் அவ உசுரோடதான கீறா?" என்றாள். அவள் திருவொற்றியூர் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். நம் லூர்து இருக்கிறாளே, மூலை வீட்டுக்காரி, அவள் நேரே பங்குச் சாமியாரிடம் போய், நோயாளிகளுக்கு ஜெபிக்கிற பெயர்களோடு சுகந்தா பெயரையும் கொடுத்துவிட்டாள். "யாரும்மா இது, நம்ம பங்கா? ஞானஸ்நானம் ஆயிடுச்சா?" என்று சாமியார் கேட்டாராம். "இல்ல சாமி, வக்கீல் வூட்டுப் பொண்ணு. விஷக் காய்ச்சல். டாக்டரே கைய விரிச்சிட்டாரு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். பாவம், அவர் நல்ல மனுஷர், எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுகந்தாவுக்காகவும் மன்றாடச் சொன்னார். கோயிலே முழங்காலில் நின்று மன்றாடியது. நானோ வீட்டில் பொறுக்கமாட்டாமல் முந்தின நாளே மீதியைப் படித்துவிட்டேன். எல்லாரும் அவளுக்காக ஜெபிக்கிறார்கள், அவள் செத்துப்போய்விட்டாள் என்று எனக்கு மட்டும் தெரியும். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்தவள் சுகந்தா எனக்குச் சொந்தமா என்று கேட்டாள், ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமை உள்ளது உள்ளபடி வாசித்தேன். வாசித்து முடிக்கவில்லை, அதற்குள் என் பங்குக் கோணிகளையெல்லாம் கொண்டுவந்து என் மடியிலேயே தொப்பென்று போட்டார்கள். "எழுதுனவன் கொன்னான், சரி. நீ ஏன் யக்கா அதப் படிச்ச? அந்தப் பக்கத்த தாண்டி வுட வேண்டியதுதான?" என்று லூர்து என்னைத் திட்டினாள். ஒரு வாரம் யாரும் என்னிடம் கதை கேட்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் என் கோணியை நானே தைத்தேன். அப்புறம் பவுனம்மாவே வந்து கட்டைப் பிடுங்கிக்கொண்டு, "அடுத்த புக்க எடு. இவளயாச்சும் உசுரோட வுடறானா பாப்போம்" என்றாள்.

ஆனாலும் அந்தப் பச்சை அட்டைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. ஏன் தெரியுமா? ஓர் இடத்தில் சுகந்தா ஏதோ வேடிக்கை கேட்டுச் சிரித்துவிடுகிறாள். சிரித்த உடனே யார் காதிலாவது விழுந்ததா என்று திரும்பிப் பார்க்கிறாள். கதைக்கு அந்த இடம் அவ்வளவு முக்கியம்கூட இல்லை, போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். எனக்கு அதற்குமேல் வாசிக்க வரவில்லை. உன் அப்பா போன அடுத்த வருஷம் கொட்டகையில் ஒருநாள் மேஸ்திரியின் குடுமி கோணி ஊசியில் மாட்டிக்கொண்டது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த உடனே திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவுனம்மா மட்டும் என்னைவிடச் சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தாள், அதற்குள் என் சிரிப்பு காணாமல் போய்விட்டது. இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மீசை வைத்த ஓர் ஆம்பளை, எங்கேயோ மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமலே இதை எப்படித் தெரிந்துகொண்டார்? அவர் சுகந்தாவைக் கொன்றதையும் மன்னித்துவிட்டேன். அந்தப் புத்தகத்தை எனக்கு அனுப்பிய உன் கைகளைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

நாலாவது, மஞ்சள் அட்டை. அதில்தான் ஒருவழியாகக் கல்யாணம் நடக்கிறது. ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொள்கிறார்கள், சிநேகிதர்கள் கை தட்டுகிறார்கள், சுபம். கொட்டகையில் ஒரே விசில். நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அவள் எந்த வீட்டு அடுப்பைப் பற்றவைத்தாள், மாமியார் அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்தாளா இல்லையா, அதை எழுத ஏன் இந்த ஆளுக்குக் கை வரவில்லை? இன்னொன்றையும் கவனித்தாயா? நாலு பேரில் ஒருத்திக்கும் குழந்தை கிடையாது. இடுப்பில் குழந்தை இருந்தால் ஆற்றில் தள்ளுவதும் ஆசிரமத்துக்கு அனுப்புவதும் அவ்வளவு சுலபமில்லை என்று எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் அந்த மாமியார்கள்! நாலு பேரும் ராட்சசிகள். ஒருத்தி விஷமே வைக்கிறாள். என்னைத் திருத்துவதற்காக அனுப்பினாயா, இல்லை, நானும் அப்படித்தான் என்று நினைத்தாயா? இதைப் படிக்கும்போது உனக்குக் காது சிவக்க வேண்டும்.

மஞ்சள் அட்டை முடிந்த அன்று பவுனம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் யக்கா, நாலு புக்குலயும் புருசன் செத்தவளாவே வராளே. உம்புள்ள இன்னாத்துக்கு இதயே தேடித் தேடி அனுப்பிகினு கீறான்?" என்றாள். எனக்கும் மூன்றாவதிலேயே உறுத்தியதுதான். கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது தினமும் உன் சிநேகிதன் தாமஸைப் பார்க்கிறேன் என்று திருவொற்றியூருக்குப் போனாயே, அவன் பகல் ஷிஃப்டில் இருந்த வாரம் முழுக்கப் போனாயே! தாமஸே ஒருநாள் இங்கே வந்து, "அந்தோணி எங்கம்மா, ஆளயே பாக்க முடியல" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் வீட்டில் அவனை விட்டால் அவன் அம்மா, புருஷன் போனபின் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்ட ரெஜினா, அவள் குழந்தை ஸ்டெல்லா. தாமஸின் அம்மாவைப் பார்க்கவா நீ சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டு போனாய்?

இதைப் பவுனம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் வாய் சும்மா இருக்குமா, விஷயம் உன் பெரியப்பா காதுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னா, ஊரெல்லாம் பேசிகினு கீறாங்க? பையன் கெவுர்மெண்டு உத்தியோகத்துல கீறான், பொண்ணா கெடைக்கல? கொழந்தயோட இருக்கறவள இட்டாந்தா நம்ம தெருவுல தல காட்ட முடியுமா?" என்று குதித்தார். கோயிலில் இதற்குத் தடை இல்லையே என்றேன். "கோயில்ல இல்ல, தெருவுல கீதே" என்றார். அவர் கெட்டவர் இல்லை, ராசா. உன் படிப்புக்கு ஃபீஸ் கட்டியவர் அவர்தான், அந்த நன்றியை நீ மறக்கக் கூடாது. ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மாமா, இவனும் ஒரு தாலியறுத்தவ வளத்த புள்ளதான். அவள வேணாம்னா என்னயும்தான வேணாம்னு சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் காப்பியைக் குடித்து முடித்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், கிளம்பிவிட்டார். வாசலில் நின்று, "கல்யாணம்னா எனக்கும் ஒரு வார்த்த சொல்லி அனுப்பு" என்று மட்டும் சொன்னார். உன் பெரியப்பாவுக்கு அது பெரிய விஷயம்.

ஆக, என் பதில் உனக்கு இப்போது தெரிந்திருக்கும். சம்மதம். முழு மனசோடு சம்மதம். ஸ்டெல்லாவையும் சேர்த்துத்தான். கடிதத்தை இங்கேயே முடித்திருக்கலாம், ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடமே என் சம்மதத்தைச் சொல்லிவிட்டு வரலாம் என்று திருவொற்றியூருக்கு பஸ் ஏறிவிட்டேன். இப்படி ஒரு மாமியாரை எந்த நாவலிலாவது பார்த்திருக்கிறாயா என்று வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை. ரெஜினா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி கம்பெனிக்குப் போகிறவளுக்கு ஞாயிறு ஒன்றுதானே துவைக்கிற நாள். ஈரக் கையோடு எழுந்து நின்றாள். நான் உட்காரக்கூட இல்லை. "எம்புள்ள உன்னக் கட்டிக்க ஆசப்படறான், ரெஜினா. எனக்குப் பரிபூரண சம்மதம்" என்றேன்.

அவள் முகம் மலரும் என்று நினைத்தேன். மலரவில்லை. "அவரு அப்பிடிச் சொன்னாராம்மா?" என்று கேட்டாள்.

"வாயால சொல்லல. நாலு புக்கு அனுப்பினான்."

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கும்தாம்மா அனுப்பிச்சாரு. அதே நாலு புக்கு. தபால்ல தாமஸ் அண்ணன் பேருக்கு வந்துச்சி. ஒரு வார்த்த எழுதல" என்றாள்.

அடப்பாவி! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெற்றவளுக்கும் நாவல், விரும்பியவளுக்கும் நாவல். நல்லவேளை, பங்குச் சாமியாருக்கும் ஒரு பார்சல் போடாமல் விட்டாயே! சமாளித்துக்கொண்டு, "சரி, படிச்சியா, எப்டி கீது?" என்று கேட்டேன். அவள் துவைகல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "நல்லாத்தாம்மா எழுதிக்கிறாங்க. ஆனா ஒண்ணு. நாலு புக்குலயும் அந்தப் பொண்ணப் பத்தி எல்லாரும் பேசறாங்க. மாமியா வேணான்றா, அவன் வோணும்ன்றான், சிநேகிதக்காரன் புரட்சின்றான். உனக்கு இன்னா வோணும்னு அவளாண்ட ஒர்த்தரும் கேக்கலம்மா. கடசிப் பக்கம் வரிக்கும் பாத்தேன்" என்றாள். சொல்லும்போது கோபமில்லை, அழுகையில்லை, துணி பிழிகிற மாதிரியே சொன்னாள். அந்த நாலு புத்தகத்தையும் நான் சத்தம் போட்டு வாசித்தவள். எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றாததோடு, நானும் சம்மதம் சம்மதம் என்று அவள் வாசலில் வந்து நின்றேன். சொன்னால் நம்பு, எனக்கு உடம்பு கூசிவிட்டது. "நாங் கேக்கறேன்டி. உனக்கு இன்னா வோணும்?" என்றேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். திரும்பிப் பார்க்காமல் சிரித்தாள். "உங்களுக்கு இல்லம்மா பதிலு. அவரு வந்து கேக்கட்டும், அவராண்ட சொல்றேன்" என்றாள். அப்புறம் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அவள் என்ன சொல்வாள் என்று என்னைக் கேட்காதே. ஆமாம் என்று சொல்லலாம், மாட்டேன் என்றும் சொல்லலாம். அது அவள் பாடு. உன் அப்பா அடக்கமான மறுநாளே நம் கூடத்தில் எல்லாரும் கூடி உட்கார்ந்து, நான் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறத்தில் கட்ட வேண்டும், என் எதிர்காலம் என்ன என்று பேசினார்கள். நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள், ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன். உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ராசா. லீவு போட்டுவிட்டு வந்து கேள்.

உன் அம்மா